நான்காவது கவர்

"சர்க்கரையாம்," என்றார் மேலாளர். "வெடிமருந்து வெச்ச கவரைப் பார்த்து உன் மிஷின் சர்க்கரைங்குது."

மிளகாய் திரையை முறைத்தாள். கோபம் மூக்குநுனியிலேயே குடியிருந்ததால் ஆய்வகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். மேசையில், வாய் ஒட்டிய கவர்கள் நான்கு: உப்பு, மாவு, சோப்புத்தூள், நான்காவதில் ஒரு சிட்டிகை வெடிமருந்து. கவரைப் பிரிக்காமலே டெராஹெர்ட்ஸ் கதிரைப் பாய்ச்சினால், உள்ளே இருக்கும் பொருள் அதில் தன் கைரேகையைப் பதித்துவிடும். மூன்றைச் சரியாகச் சொன்ன கருவி, நான்காவதில் காலை வாரிவிட்டது. சர்க்கரை, எண்பத்தொரு சதவீதம்.

எதிரே விமான நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் தலையாட்டினால் நாலு வருட உழைப்பு கரையேறும். இல்லையென்றால் திட்டத்துக்கு மூடுவிழா, மிளகாயின் வேலையும் காலி.

"காத்துல ஈரம் மேடம். ஈரம் இந்தக் கதிரைக் குடிச்சிடும்." சன்னல்களை அடைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை முடுக்கினாள். அறை அடுப்பானது.

வெடிமருந்து மாதிரிப் பெட்டி வந்தால் கதவுக்கு வெளியே நின்றே கையெழுத்துப் போடுகிறவர் மேலாளர். இன்று வியர்வை தாங்காமல் நான்காவது கவரையே எடுத்து விசிறிக்கொண்டார். மிளகாய் அதைப் பிடுங்கிக் கருவியில் வைத்தாள்.

சர்க்கரை, தொண்ணூற்று மூன்று.

"ஈரம் போனதும் பொய் நல்லாத் தெளிவா வருது," என்றார் அதிகாரி.

நூறு தடவை பாய்ச்சிச் சராசரி எடுத்தாள். சர்க்கரை, தொண்ணூற்றொன்பது. அதிகாரி தன் ஃபைலை மூடினார்.

மேலாளர் அவளை மூலைக்கு இழுத்தார். "சர்க்கரையை அழிச்சிட்டு வெடிமருந்துன்னு நீயே அடிச்சு விடும்மா. எல்லா டெமோவும் இப்படித்தான். பதிலை முன்னாடியே நீ மிஷின்ல எழுதி வெச்சிருப்பேன்னுல்ல நெனச்சேன்."

"எழுதி வெக்கிறதுக்கு மிஷின் எதுக்கு சார்? சிலேட்டு போதுமே."

"வேலை போயிடும்."

"எங்கப்பா கைநாட்டு சார். இறக்காத மூட்டையை இறக்கினேன்னு ஒரு நாளும் விரலை வெச்சதில்ல. எங்க வீட்டுல முதல் டிகிரி நான். பொய்க் கையெழுத்துப் போடவா படிச்சேன்?"

விறுவிறுவென அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். "மேடம், மிஷின் சரியாத்தான் சொல்லுது. அது சர்க்கரை. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா சர்க்கரைதான்."

"கவரை ஒட்டினது யாரு?"

"நான்தான் மேடம்," என்று மேலாளர் முந்திக்கொண்டார். "என் கையாலயே வெடிமருந்தை அள்ளிப் போட்டு ஒட்டினேன்."

அப்போது தேநீர்த் தட்டோடு வந்த கேன்டீன் அக்கா, முதல் கோப்பையை அதிகாரியிடம் நீட்டினாள்.

"இனிப்பு கம்மியா இருந்தா கோவிச்சுக்காதீங்க மேடம். வெடிமருந்தைத் தொட பயமா இருக்குன்னு, காலையில கவர்ல போட ஒரு கரண்டி சர்க்கரையை சார் வாங்கிட்டுப் போயிட்டாரு."