ஏழு அபிநயாக்கள்

குழந்தைக்குக் கொடுக்கும் சத்துமாவு குழந்தையின் வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் (பெயரைச் சொல்ல எனக்குப் பயம்) அது சில காலமாகக் கறவை மாடுகளின் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாடுகள் நன்றாகத்தான் இருந்தன. குழந்தைகள்தான் இளைத்தன.

இம்முறைகேட்டைக் களையும் பொருட்டு வட்டார அதிகாரி தீனதயாளன் அவர்கள் ஒரு செயலியை அறிமுகப்படுத்தினார். இலவசச் செயலி, சாதாரண செல்போனே போதும். குழந்தையின் முகத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லும். பெயர் வந்தால் மாவு, வராவிட்டால் இல்லை. தொடக்க விழாவில் எல்லோரும் கை தட்டினோம். முதலில் பதிவானது என் மகள் அபிநயாவின் முகம். இரண்டு வயது, எட்டரைக் கிலோ. நர்ஸம்மா அவள் அட்டையில் சிவப்புக் கோடு போட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நான்தான் பலமாகத் தட்டினேன்.

ஆடி வந்தது. எங்கள் தெரு முழுக்கப் பங்காளிகள், குலதெய்வம் ஒன்றுதான். கல்வராயன் மலையடிவாரக் கோயிலுக்கு ஒரே வேனில் போய், ஏழு குழந்தைகளுக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசிக் கூட்டி வந்தோம்.

மறுவாரம் அங்கன்வாடி டீச்சர் அம்சவள்ளி செல்போனை அபிநயாவின் முன்னால் பிடித்தார். ‘இப்படி ஒரு குழந்தை இல்லை’ என்று செயலி அறிவித்தது. ஏழு மொட்டைக்கும் அதே தீர்ப்பு.

“பொறந்ததுலேர்ந்து நீங்களே பாத்துக்கினு இருக்கீங்களே டீச்சர்” என்றேன்.

“எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியலையே.”

இடுப்பில் அபிநயாவோடு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி என்றாலே எனக்குப் பயம். ஆனால் தீனதயாளன் சார் கனிவானவர். மொட்டையைத் தடவிக்கூடக் கொடுத்தார். முடி வளர எத்தனை நாளாகும் என்று விசாரித்தார். ஆறு மாதம் என்றேன். அப்படியானால் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

“அதுவரைக்கும் புள்ள இன்னா சார் சாப்புடும்?”

அவர் பதிவைத் திறந்து, படத்தையும் மொட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். “பதிவுல முடி இருக்கு. நேர்ல இல்ல. கொறை புள்ள பக்கம்தாம்மா. சரி பண்ணிக்கினு வாங்க.”

சரி பண்ணினேன். கள்ளக்குறிச்சி ஃபேன்ஸி ஸ்டோரில், மாறுவேடப் போட்டிக்கென்று தொங்கிய குட்டி டோப்பா ஒன்றை வாங்கி வந்து அவள் தலையில் கவிழ்த்தேன். ‘வணக்கம் அபிநயா’ என்றது செயலி. மாவு வந்தது.

பக்கத்து வீட்டு மலர்விழி அக்கா டோப்பாவை இரவல் கேட்டார். அவர் மகன் கவியரசனும் அன்று மொட்டையடித்தவன்தான். மூன்று வயது, கொழுகொழுவென்று இருப்பான். டோப்பாவோடு அவனைக் காட்டியதும் செயலி அதே மரியாதையோடு ‘வணக்கம் அபிநயா’ என்றது. டீச்சர் குழம்பிப்போய் அதிகாரிக்குப் போன் போட்டார். செயலி சொன்ன பிறகு சந்தேகப்பட நமக்கு அதிகாரமில்லை என்று பதில் வந்தது. அதன்பிறகு டோப்பா ஏழு வீடும் சுற்றியது. வாரந்தோறும் ஏழு அபிநயாக்கள் வரிசையில் நின்று மாவு வாங்கினார்கள். யாருக்கும் குறையில்லை. என் மகளும் கால் கிலோ ஏறினாள்.

அங்கன்வாடி தராசு பழுதாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆகவே யார் எத்தனை பாக்கெட் வாங்கினார்கள் என்பதை வைத்துச் செயலியே எடையைக் கணித்தது. மூன்று மாதத்தில் அபிநயா இருபத்தாறு கிலோ. மாவு வாங்கவே வராத மற்ற ஆறு குழந்தைகளும் ‘ஊரை விட்டுச் சென்றுவிட்டனர்’.

ஆரோக்கியக் குழந்தையைப் படம் பிடிக்க தீனதயாளன் சாரே போட்டோகிராபரோடு வந்தார். அபிநயாவுக்குத் தலை வாரி, புதுச் சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு விரல்கடை முடி வளர்ந்திருந்தது. ‘இப்படி ஒரு குழந்தை இல்லை’ என்றது செயலி.

“இது யாரும்மா?”

“அபிநயா சார்.”

“இருக்க முடியாதே. அவ இருபத்தாறு கிலோ.”

அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவி, கவியரசனிடம் நின்றன. யாரோ டோப்பாவைக் கொண்டுவந்து அவன் தலையில் வைத்தார்கள். செயலி வணங்கியது. கேமரா மின்னியது. தெருவே கை தட்டியது. நானும்தான்.

ஆரோக்கியமான குழந்தைக்குச் சத்துமாவு தேவையில்லை என்பதால் அன்றோடு அபிநயாவுக்கு மாவு நிறுத்தப்பட்டது. ஏழு பேருக்கும் என்று அர்த்தம்.

படம் இப்போது பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனராக இருக்கிறது. கீழே என் மகளின் பெயர். பெயர் அவளுடையதுதானே என்று நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். பார்த்துவிட்டு, சின்னசேலத்திலிருந்து அம்மா போன் செய்தார்.

“இப்பதான்டி புள்ள மூஞ்சி தெளிஞ்சிருக்கு. இன்னாடி குடுக்குற?”

மடியில் எட்டே முக்கால் கிலோ, என் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது.

“சத்துமாவும்மா” என்றேன்.