புஷ்பம் போட்ட பிளாக்

முருகன் துணை

பலாங்கந்தைத் தோட்டம்,
தெரணியகலை.
14.07.1974

என்றும் மதிப்பிற்குரிய மச்சான் ராஜதுரை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புஷ்பத்தின் புருஷன் அழகமுத்து பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் இங்கு உங்கள் தங்கை சுகம், மகள் சீதாலட்சுமி சுகம், பசு மாடும் கன்றும் சுகம். நான் ஒருத்தன் மட்டும் சுகமில்லை. பயப்பட வேண்டாம், உடம்புக்கு ஒன்றுமில்லை, புத்திக்குத்தான். அங்கு கூடலூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

நிற்க. நின்று, உட்கார்ந்து, படுத்து எல்லா விதத்திலும் யோசித்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்காததால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பங்களாவில் துரைசாணி அம்மா நடத்துகிற தையல் வகுப்பு முடிந்து வந்த உங்கள் தங்கை, கூடையைக்கூட இறக்கி வைக்காமல், துரைசாணி தனக்கு ஒரு பிளாக் கொடுத்திருப்பதாகவும், ஒட்டு வேலையெல்லாம் தானே பார்த்துச் செய்ய வேண்டும் என்றும், அடுத்த மாதக் கடைசிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். மச்சான், நீங்கள் இதே தோட்டத்தில் பதினெட்டு வருசம் பால் வெட்டினவர். பிளாக் என்றால் என்ன, ஒட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு பிளாக், பிளாக்குக்கு முந்நூறு ரப்பர் மரம், விடியுமுன் கத்தியோடு நிற்க வேண்டும், சிரட்டையில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். நான் இந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. எனக்குக் கீழே முப்பது பேர் வெட்டுகிறார்கள். என் சம்சாரத்தை முப்பத்தோராவது ஆளாக நிறுத்த நான் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை என்று நினைத்து ஆபீசுக்குப் போனேன், அது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மறுநாளும் போனேன். என் மனைவிக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும், கத்தி பிடித்துப் பழக்கமில்லை, அட்டை கடித்தால் மூன்று நாள் வீங்கும், ஆகவே கருணை கூர்ந்து அவளுக்குக் கொடுத்த பிளாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி ஒரு மனுவை எழுதி, நாம் மாத்தயா என்று கூப்பிடுகிற பெரிய கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் அதை இங்கிலீசில் துரைக்கு வாசித்தார், துரை சாப்பாட்டு மேசையில் துரைசாணிக்குச் சொன்னார், அடுத்த சனிக்கிழமை துரைசாணி உங்கள் தங்கையை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்து, தைப்பதற்கு எந்த மேட்டில் ஏறுகிறாய் என்று கேட்டு, நாடி பிடித்துப் பார்த்து, குடிக்கப் பால் கொடுத்து அனுப்பினாராம். வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் எனக்கு விசயம் தெரிந்தது. இந்தப் பிளாக் மரம் இல்லை, துணி.

அதாவது, தோட்டத்தை அடுத்த வருசம் அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அதனால் துரையும் துரைசாணியும் வருகிற மாதமே கப்பலேறிச் சீமைக்குப் போகிறார்கள். போகும்போது ஒரு ஞாபகத்துக்கு, தையல் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஓர் அடிச் சதுரத்தில் துணித்துண்டுகளை ஒட்டி ஒரு சித்திரம் தைத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சதுரத்துக்குப் பெயர்தான் பிளாக். பன்னிரண்டையும் ஒன்றாக இணைத்து ஒரு போர்வை. மற்றவளைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, சித்திரமும் நிறமும் அவரவர் சொந்த யோசனையாய் இருக்க வேண்டும், முடியும்வரை அது என்ன என்று யாருக்கும், கட்டின புருஷனுக்கும், வாய் திறக்கக் கூடாது. இதுதான் சட்டம். எனக்கு இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கிழிந்தால் ஒட்டுப் போடுவார்கள், அது தெரியும். ஒட்டுப் போடுவதற்காக நல்ல துணியைக் கிழிப்பதை நான் இந்த ஐம்பது வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் சங்கக் கடையில் ஒரு சீலை வாங்க விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கிற இந்தக் காலத்தில். பங்களாவில் கம்பளி அலுமாரி அலுமாரியாய் இருக்கும்போது, ஒட்டுப்போட்ட போர்வையைத்தான் சீமைக்குக் கொண்டு போவேன் என்று ஒரு துரைசாணி ஆசைப்பட்டால், அங்கே அவர்களுக்கு என்ன கஷ்டமோ என்று எனக்குக் கவலையாகக்கூடப் போய்விட்டது.

சரி, மனுக் கொடுத்த பாவத்துக்குப் பரிகாரமாய் நானே நிறம் தேடிக் கொடுப்போம் என்று தெரணியகலைக்கு பஸ் ஏறி முக்தார் நானா கடைக்குப் போனேன். வெட்டுத் துண்டு கேட்டேன். நானா நல்ல மனுசன், இருந்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். பளிச்சென்று ஒரு பச்சை எடுத்தேன். அதைப் பார்த்த பெரிய கிளாக்கர், பச்சை ஒரு கட்சிக்காரருடைய நிறம், இந்த நேரத்தில் தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு அந்த வம்பு என்றார். மறுபடி போய் நீலத்துக்கு மாற்றினேன். அது எதிர்க் கட்சியுடைய நிறமாம். சிவப்புக்கு மாற்றினேன். அது இன்னும் மோசமாம், அதைக் கையில் வைத்திருந்தாலே விசாரிப்பார்களாம். வெள்ளை சாவு வீட்டுக்கு. கறுப்பு ஆகாது. மஞ்சளும் காவியும் சாமிக்கும் சாதுக்கும் உரியது, அதைக் காலில் போர்த்தினால் யார் பதில் சொல்வது? மூன்றாம் தடவை துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நானா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உங்க ஆட்களுக்குத்தான் ஓட்டே இல்லையே, பிறகு நிறத்துக்கு ஏன் பயப்படுறீங்க என்றார். ஓட்டு இல்லை நானா, ஒட்டு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தேன். வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்கள் தங்கை தலையைக்கூட நிமிர்த்தாமல், நிறத்தை வெளியில் தேட வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அன்றைக்குப் பிடித்ததுதான் எனக்குச் சனி.

முதலில் என் பச்சை மப்ளரைக் காணோம். விடியற்காலைப் பனிக்குத் தலையையும் காதையும் சுற்றிக்கொண்டு, ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குப் போவேனே, அதே மப்ளர். தேடினால் பாதி கிடைத்தது. அடுத்தது நீலச் சட்டை. பிரஜா உரிமைப் படிவத்துக்குப் படம் பிடித்தபோது போட்டிருந்த ஒரே நல்ல சட்டை, மச்சான். அதை எடுத்துப் போட்டால் முன்பக்கம் இடுப்புவரை இருக்கிறது, பின்பக்கம் காற்று வாங்குகிறது. அதற்குப் பிறகு பழைய காக்கிக் களிசானில் ஒரு காலைக் காணோம். ஒரு மனுசனுடைய உடுப்பை மட்டும் தேடித் தேடி வெட்டினால் அவன் என்ன நினைப்பான்? இவன் இனி இந்த வீட்டுக்குத் தேவையில்லை என்று அர்த்தமா, இல்லை, இவனுக்கு இனி உடுப்பே தேவைப்படாது என்று அர்த்தமா?

பொறுக்க முடியாமல் போன வியாழக்கிழமை அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து அந்தப் பிளாக்கை எடுத்து, பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்துக்குள் வைத்து ஆபீசுக்குக் கொண்டு போனேன். பெரிய கிளாக்கர் மாத்தயா படித்தவர், கொழும்பில் இருந்தவர், அவருக்குத் தெரியாததா? மேசையில் விரித்துப் பார்த்து, "மொகக்த மே, அழகமுத்து?" என்று, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அதைக் கேட்கத்தான் மாத்தயா நானும் வந்தேன் என்றேன். மேலே பச்சை. பச்சைக்குள் சின்னதாய் ஒரு சிவப்பு, அது அவளுடைய பழைய ரவிக்கைத் துண்டு. அதற்குக் கீழே அகலமாய் நீலம். நீலத்துக்குக் கீழே காக்கி. காக்கியை இரண்டாய்ப் பிரித்து நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், எழுந்து போய்ச் சுவரில் தொங்குகிற தேசப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மேலே இருக்கிற பச்சை இந்தியா, உங்கள் கூடலூர் மலை. நடுவில் நீலம் கடல். கீழே காக்கி இந்தத் தோட்டத்து மண். வெள்ளைக் கோடு சீத்தாவக்கை ஆறு. எல்லாம் அச்சு அசலாய் ஒத்துப்போகிறது மச்சான். சிவப்பு என்ன மாத்தயா என்று கேட்டேன். அது ரவிக்கைத் துண்டுதானே, அப்படியென்றால் ஆள்தான், உன் பெண்சாதி மனசுக்குள்ளே எப்பவோ அண்ணன் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்.

நீங்கள் இந்தியாப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருசம். ஒவ்வொரு கடிதத்திலும் நீங்களும் வாங்க, வாங்க என்று எழுதுகிறீர்கள். நான்தான் பிறந்த மண்ணை விட்டு வர மாட்டேன் என்று இலங்கைப் பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டேன். கிளாக்கர் படிவத்தை நிரப்பினார், காட்டின இடத்தில் உங்கள் தங்கை கையெழுத்துப் போட்டாள். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இது இப்போது உறைக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பிளாக்கை முன்னால் வைத்து, இது என்ன என்று கேட்டேவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்குத் தெரியலையா? அப்ப விடுங்க," என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

ஆகவே மச்சான், உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். அவள் உங்களுக்கு எனக்குத் தெரியாமல் ஏதும் எழுதினாளா? எழுதியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவளுக்கு அங்கே வரத்தான் ஆசை என்றால் நான் கிளாக்கரிடம் சொல்லிப் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். மண் பெரிசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் இல்லாத வீட்டில் எனக்கு அந்த மண்ணில் ஒரு வேலையும் இல்லை. இதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாய் இருக்கிறது, உங்களிடம் எழுதிவிட்டேன். அங்கே ரப்பர் இல்லாவிட்டால் தேயிலையாவது பழகிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மருமக்களுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்ற வேண்டும். எந்த ஊரில் என்று இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வழிமேல் விழி வைத்துப் பார்த்திருக்கும்,
அழகமுத்து

பி.கு.: மச்சான், மேலே உள்ளதை எல்லாம் வாசிக்க வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் சீதாலட்சுமியின் கொப்பியில் இதுதான் கடைசித் தாள், பின்பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. கடித உறையை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போன நேரத்தில் உங்கள் தங்கை கடிதத்தை எடுத்து முழுதாக வாசித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். காலைத் தொட்டுக் கேட்கிற இடம் வந்ததும் சிரிக்கவில்லை. பிறகு பிளாக்கை எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

அது தேசப் படம் இல்லையாம். நானாம்.

பச்சை என் மப்ளர். நீலம் என் சட்டை. காக்கி என் களிசான். வெள்ளைக் கோடு சீத்தாவக்கை ஆறு இல்லை, என் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. சிவப்பு என் வாய், வெற்றிலை போட்ட வாய். முகம் எங்கே என்று கேட்டேன். என் நிறத்துக்கு ஏற்ற துணி வீட்டிலும் இல்லையாம், முக்தார் நானா கடையிலும் இல்லையாம், அதனால் மப்ளரை இழுத்து மூடிவிட்டாளாம். ஏன்டி என்னைப் போய்த் தைத்தாய் என்றேன்.

"காலையில கதவைத் தொறந்தா எது முதல்ல கண்ணுல படுதோ அதைத் தைக்கச் சொன்னாங்க தொரசாணி. வகுப்புல இருக்க லெச்சுமி சூரியனைத் தைச்சு முடிச்சுட்டா. எனக்குச் சூரியனை மறைச்சுக்கிட்டு நீங்கதான் வெத்தலையை மென்னுக்கிட்டு நிக்கிறீங்க. வேற என்னத்தைத் தைக்க?"

பிறகு, உனக்கு அங்கே போக விருப்பமா, இங்கே இருக்க விருப்பமா என்று கேட்டேன். இருபத்தொரு வருசத்தில் இதுதான் முதல் தடவை, மச்சான். அவள் அடுப்பில் இருந்த சோற்றை வடித்துவிட்டு வந்து சொன்னாள்.

"அண்ணனைப் பாக்கணும்னு இருக்கு. பாத்துட்டு இங்கயே திரும்பி வரணும்னும் இருக்கு. அதுக்கு எந்தப் படிவம்னு ஒங்க கிளாக்கர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

மறுநாள் ஆபீசில் கேட்டேன். அப்படி ஒரு படிவம் அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். அந்தப் பக்கம் ஏதும் இருக்கிறதா என்று நீங்கள் விசாரித்து எழுதுங்கள். இந்தியாவும் பதில் சொல்லும்வரை, இலங்கையும் பதில் சொல்லும்வரை, ஓட்டும் இல்லாமல் பாஸ்போர்ட்டும் இல்லாமல் நான் ஒருத்தன் மட்டும் அடுத்த மாதம் கப்பலேறிச் சீமைக்குப் போகிறேன். துரைசாணியின் போர்வையில் எனக்கு இடம் தலைமாட்டிலா கால்மாட்டிலா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.