வெங்காய அதிகாரி

"கடையில ஒரு வெங்காயம்கூட இல்லை. எல்லாம் உங்களாலதான்!" என்று காலிப் பையை நீட்டினாள் மனைவி.

எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுகாதாரத் துறையில் வதந்திகளை மறுக்கவென்றே ஒரு பிரிவு உண்டு. அதில்தான் அவருக்கு வேலை. 'உள்ளங்காலில் வெங்காயம் கட்டினால் தட்டம்மை அண்டாது, தடுப்பூசியே வேண்டாம்' என்று ஒரு புரளி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை முறியடிக்க, இரண்டு நாளைக்கு முன் இரண்டு காலிலும் வெங்காயம் கட்டிக்கொண்டு அவரே படத்துக்கு நின்றார். படத்தின் குறுக்கே பெரிய சிவப்புப் பெருக்கல் குறியை இயக்குநரே தன் கையால் போட்டார்.

பதினெட்டு வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக முகம் வெளியே தெரிகிறது! அன்று மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் வேலையாகப் படத்தை மாமியாருக்கு அனுப்பினார்.

"என் மாப்பிள்ளை ஊருக்கே புத்தி சொல்றாரு!" என்று பூரித்துப்போனார் மாமியார். தினமும் கைப்பேசியில் தானே பூப்படம் செய்து காலை வணக்கம் அனுப்புகிற முந்நூறு பேருக்கும் அதை அனுப்பிவைத்தார்.

மறுநாள் ஊரில் சுற்றிய படத்தில் சிவப்புக் குறியைக் காணோம். "அதிகாரியே கட்டியிருக்காரு, நமக்கென்ன?" என்று ஜனங்கள் வெங்காயக் கடையில் போய் விழுந்தார்கள்.

இயக்குநர் அடுத்த படத்தில் இன்னும் தடிமனாகக் குறி போட்டார். எழுத்தரும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். மாமியாருக்கு அனுப்பவும் மறக்கவில்லை. அந்தப் படமும் குறியில்லாமல்தான் ஊரைச் சுற்றியது. "விஷம் இறங்குதுல்ல, அதான் முகம் அப்படி" என்று விளக்கம் வேறு.

"வெள்ளிக்கிழமை தடுப்பூசி முகாம். பிள்ளைங்க வரலைன்னா அம்மை ஊரையே படுக்க வச்சிடும்" என்றார் இயக்குநர். "வாசல்ல வெறுங்காலோட நில்லுங்க. வெங்காயம் இல்லைன்னு ஜனங்க பார்க்கட்டும்."

நின்றார். வெயிலில் உள்ளங்கால் கொப்பளித்தது. ஆனால் வெங்காய அதிகாரியோடு நின்று படமெடுக்கப் பிள்ளை குட்டிகளோடு கூட்டம் அலைமோதியது.

"முதல்ல ஊசி, அப்புறம்தான் படம்!" என்றார் எழுத்தர், ஒவ்வொருவரிடமும்.

மதியத்துக்குள் மருந்து தீர்ந்து, நர்ஸ் இன்னொரு பெட்டிக்கு ஆள் அனுப்பினார்.

"சாதிச்சிட்டீங்கய்யா!" என்று இயக்குநர் தோளைத் தட்டியபோது எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமைதான், வேறென்ன?

"இனிமே அந்தக் குறியை அழிச்ச ஆள்தான் பாக்கி. மாட்டினா ஜெயில்தான்" என்றார் இயக்குநர்.

ஊசி போட்டுக்கொண்ட பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மாமியார் அங்கேயே நின்றுவிட்டார்.

"நல்லா இருக்கே நியாயம்! என் மாப்பிள்ளை மூஞ்சியில எவனோ ரெண்டு தடவை கிறுக்கி வச்சிருந்தான். ரெண்டு தடவையும் பார்த்துப் பார்த்துத் துடைச்சு அனுப்பினவ நான். முதல்ல அந்தக் கிறுக்கினவனைப் புடிச்சு உள்ளே போடுங்க சார்!"