இருபத்துநான்கு கிராமில் முப்பத்தாறு கிராம் தண்ணீர்

இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று இரசாயனத் தாக்கமடையும்போது எது நிறையில் குறைவோ அதுதான் முதலில் தீரும் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நம்பியிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். கரும்பலகையில் எழுதியும் காட்டினேன்.

என் மனைவியின் தம்பி சுதன், கொழும்பில் கடற்கரையோர வெள்ளவத்தையில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு நடத்துபவன். புதுப் பிரிவின் முதல் வகுப்பு இலவசம். பெற்றோரும் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்து, பிடித்தால்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். அன்று பார்த்து அவன் களனிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, கதிரை அடுக்க வந்திருந்த எனக்குப் போன் எடுத்தான்.

"அத்தான், பஸ் அசையுதில்லை. சனம் எழும்பிப் போகாமப் பாருங்கோ. போர்டில கணக்கொண்டு கிடக்கு, அதைத் தொடாதேங்கோ."

தொட்டேன். (காப்புறுதி விற்பவனை முப்பது பேருக்கு முன்னால் சும்மா நிற்கச் சொன்னால் வேறென்ன செய்வான்?)

நான்கு கிராம் ஐதரசன், இருபது கிராம் ஒட்சிசன். எல்லைப்படுத்தும் தாக்கி, அதாவது முதலில் தீர்ந்து தாக்கத்தை நிறுத்துவது, எது? தண்ணீர் எவ்வளவு?

"நாலு சின்னன், இருபது பெரிசு. ஐதரசன்தான் முதல் முடியும்!" என்று முழங்கினேன். பாடசாலையில் படித்த மூல் என்ற அளவுக் கணக்கு அரைகுறையாக ஞாபகம் வந்தது. தண்ணீர் முப்பத்தாறு கிராம் என்று எழுதி, இரண்டு கோடும் இழுத்தேன்.

பின்வாங்கில் ஓர் அம்மா எழுந்தார். "சேர், நாலும் இருபதும் இருபத்திநாலுதானே? மிச்சம் பன்ரெண்டு கிராம் எங்கால வந்தது?"

பலகையைப் பார்த்தேன். கூட்டினேன். திரும்பக் கூட்டினேன். இருபத்துநான்கு அசையவில்லை. முதுகில் வியர்வை மட்டும் தாராளமாக விளைந்தது.

"அது... கடற்கரைக் காத்தம்மா. ஈரப்பதன்."

"அப்ப கடலில்லாத வவுனியாவில செய்தால் குறையுமோ, சேர்?"

வகுப்பே சிரித்தது. இரண்டு தகப்பன்மார் எழுந்து குடையைத் தேடினார்கள். அந்நேரம் சுதன் மூச்சிரைக்க நுழைந்தான். பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பிள்ளையள், நாலு கிராம் ஐதரசன் எண்டால் ரெண்டு மூல். அதுக்கு ஒட்சிசன் ஒரு மூல், முப்பத்திரண்டு கிராம் வேணும். இருக்கிறதோ இருபது. எது முதல் முடியும்?"

"ஒட்சிசன்!"

தண்ணீர் இருபத்திரண்டரை கிராம். ஐதரசன் ஒன்றரை கிராம் மீதி. கூட்டிப் பார்த்தால் இருபத்துநான்கு. குடைகள் மறுபடி கீழே போயின.

இன்றும் நான் ஏதாவது அளந்துவிட்டால், "கடற்கரைக் காத்தோ?" என்று வீட்டில் கேட்கிறார்கள். உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: அன்று பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்த அம்மாவும் மகனைச் சேர்த்தார், அத்தான் வகுப்புக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. சுதன் உடனே சம்மதித்தான்.