வியாழக்கிழமைக் கருவாடு

உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆட்கள் என்னென்னவோ தீர்மானம் எடுத்துக்கொண்டிருந்த காலம். திருகோணமலையில் நானும் ஒன்று எடுத்தேன். என் மனைவி அன்னலட்சுமி இனிமேல் படம் பார்க்கக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. கலியாணமான புதிதில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் படத்துக் கதாநாயகன் ஏழு மலை தாண்டிப் போய்ப் பெண்சாதிக்கு ஒரு பூப் பறித்து வந்தான். பறித்தவன் அவன். பட்டவன் நான்.

"அவன் ஏழு மலை தாண்டினவன். நீங்கள் ஏழு வீடு தாண்டி ஒரு தேசிக்காய் வாங்கிவர மாட்டியள்!"

"அவனுக்கு வேலை இல்லை அன்னம். எனக்கு டொக்யாட்டிலை வேலை கிடக்கு."

"அவன் இளவரசன்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். வேலை இல்லை."

அன்று இரவு எனக்குச் சோறு வந்தது, கறி வரவில்லை. ஒரு படத்துக்கே இந்தப் பாடு என்றால் கிழமைக்கு ஒரு படம் பார்க்க விட்டால் என்ன ஆகும்? நான் நாடுகடத்தப்படுவேன். வெருகல் ஆற்றுக்கு அப்பால்தான் குடியிருக்க வேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வல்லிபுரம். பகலில் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். பொழுதுபட்டால் ஏ.ஆர்.பி. வாடன், அதாவது விமானக் குண்டுவீச்சுக் காவல்காரன். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில். போன வருடம் யுத்த விமானக் குண்டு விழுந்தபோது ஓடிய சனம் எல்லாம் திரும்பி வந்து, விளக்கைக் கறுப்புச் சீலையால் மூடிக்கொண்டு இருந்தது. எங்காவது ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் நான் விசில் ஊத வேண்டும். ஊரெல்லாம் என்னை 'வாடன் ஐயா' என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குள் வந்தால் வெறும் வாடல்.

கடற்கரைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பேசும்படம் காட்டினார்கள். வியாழக்கிழமைகளில் புதுப்படம். அந்தக் கொட்டகையிலிருந்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பதும் என் கடமை. வெளியே நின்று பார்த்தால் சரியாகத் தெரியவில்லை. ஆகவே உள்ளே இருந்து பார்த்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தேன். கடமை என்று வந்துவிட்டால் நான் பாதியில் எழும்புகிறவன் அல்ல.

பார்த்ததை மனதுக்குள் வைத்திருக்க முடியுமா? மறுநாள் அலியார் காக்காவின் தேத்தண்ணிக் கடையில் என் தீர்ப்பு வெளியாகும். அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்த நாளிலிருந்து சனம் எல்லாவற்றையும் அரிசி அளக்கிற சுண்டுக் கணக்கில்தான் நினைத்தது. நாலு சுண்டு சேர்ந்தால் ஒரு கொத்து. ஆகவே படத்துக்கும் நான் சுண்டு போட்டேன். சண்டை மட்டும் நன்றாக இருந்தால் இரண்டு சுண்டு. பாட்டும் சேர்ந்தால் மூன்று. என்னை அழவைத்துவிட்டால் நாலு, முழுக்கொத்து. நான் கதிரையில் சாய்ந்து, தொண்டையைச் செருமி, "மூண்டு சுண்டு" என்று சொன்னால் கடையே அமைதியாகிவிடும்.

வீட்டில் மட்டும் எல்லாப் படத்துக்கும் ஒரே தீர்ப்பு.

"இஞ்சாருங்கோ, புதுப்படம் நல்லதாமே?"

"ஆர் சொன்னது? அரைச் சுண்டு."

"நீங்கள் பாத்தனீங்களே?"

"எனக்கென்ன விசரே? நான் வெளியிலை நிண்டனான். படம் விட்டு வந்த சனத்தின்ரை முகத்தைப் பாத்தன். எல்லாம் செத்தவீட்டாலை வந்த முகம்."

"ஐயோ பாவம். அப்ப எனக்கு வேண்டாமப்பா."

அவ்வளவுதான். மறுபேச்சில்லை. கலியாணமாகி இத்தனை காலத்தில் என் சொல்லை அவள் தட்டாமல் கேட்டது இந்த ஒரு விஷயத்தில்தான். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமைதான் வந்தது.

பதிலுக்கு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். வியாழக்கிழமைகளில் குச்சவெளியிலிருந்து கருவாட்டு வண்டி வருகிறதாம். பக்கத்து வீட்டு யோகம்மாவோடு பொழுதுபடப் போய் வாங்கிவர வேண்டுமாம். "தாராளமாப் போம்" என்றேன். நான் கொட்டகைக்குப் போகும் நேரத்தில் அவளும் வீட்டில் இல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு வசதி!

ஆனால் ஒன்று. அந்தக் கருவாடு என் வீட்டுக் குசினி அடுப்புக்கு வந்ததே இல்லை.

"எங்கை அன்னம் கருவாடு?"

"சரியில்லையப்பா. வாங்கேல்லை."

"போன கிழமையும் சரியில்லை எண்டனீர்."

"போன கிழமை சரியில்லாதது வேறை கருவாடு."

சரி, வாங்காத கருவாட்டை மறந்துவிடலாமே? அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் பல் விளக்கிக்கொண்டு நிற்பேன். வேலிக்கு இந்தப்பக்கம் இவள், அந்தப்பக்கம் யோகம்மா.

"அன்னமக்கா, நேத்தைக் கருவாடு எப்பிடி?"

"தலைப்பக்கம் நல்லம் பிள்ளை. நடுவிலை ஒரே முள்ளு. வாலுக்கு வர உப்பை அள்ளிக் கொட்டிப்போட்டாங்கள். என்ரை சீலைத் தலைப்பு நனைஞ்சு போச்சு."

"போன கிழமைக் கருவாடு இதைவிடத் திறமெல்லே?"

"அது பழைய கருவாடடி. புதுப் பேப்பரிலை சுத்தினது. என்ரை ஆச்சி காலத்திலையே திண்டது."

உப்புக்கும் சீலைத் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் யோசித்தேன். கழுவிப் பார்த்திருப்பார்கள் என்று முடிவு செய்தேன். நான் புத்திசாலி. எதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிடுவேன்.

கருவாட்டுப் பைத்தியம் அவளுக்கு மட்டும் இல்லை. கடையில் நான் தீர்ப்புச் சொல்லி முடித்ததும் அலியார் காக்கா யோகம்மாவின் புருஷன் வீரசிங்கத்தின் பக்கம் திரும்புவார். "வீரசிங்கம், வீட்ட கருவாடு எப்படியாம்?" என்பார். "உப்புக் கூடவாம்" என்பான் வீரசிங்கம். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். பஞ்ச காலம், சனத்துக்குச் சாப்பாட்டு நினைவு என்று நானும் மன்னித்துவிடுவேன்.

இப்படியே போயிருந்தால் யுத்தம் முடியும்வரை போயிருக்கும். கெடுத்தது ஒரு மான்.

அந்த வியாழக்கிழமைப் படத்தில் ஓர் இளவரசி. அவளை ஒரு கெட்ட மந்திரி காட்டுக்கு விரட்டுகிறான். போகும்போது அவள் தன் வளர்ப்பு மானைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டுப் பாடினாள். எங்கள் ஊரில் மானுக்குப் பஞ்சமில்லை. தெருவெல்லாம் மான். என் முற்றத்து முருங்கையைத் தின்ன வருகிற மானை நான் நாளும் பொழுதும் தடியால் கலைக்கிறவன். ஆனாலும் அந்த மான் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. விக்கி விக்கி அழுதேன். இரும்புத் தொப்பி தலையில் கிடந்து ஆடியது.

ஆண்கள் இருக்கிற வாங்குகளுக்குப் பின்னால் இடுப்பளவுக்கு ஒரு பலகைத் தட்டி. அதற்கு அப்பால் பெண்கள். அந்தப் பக்கமிருந்து திடீரென்று ஒரு சத்தம்.

"முன்னுக்கு இருக்கிற இரும்புத் தொப்பி! கழட்டுங்கோ, மறைக்குது!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. படத்துச் சத்தத்தில் காதுக்கு ஆள் பிடிபடவில்லை. ஆனால் கை தானாக எழும்பித் தொப்பியைக் கழற்றிவிட்டது. என்ன அதிகாரம்! இவளைக் கட்டியவன் எவனோ பாவம் என்று நினைத்துக்கொண்டே மிச்சத்தை அழுதேன்.

அந்தப் படத்தில் இன்னொரு புதுமையும் இருந்தது. இடைவேளைக்கு முதலே மந்திரி சுனைக்குள் விழுந்து செத்துப்போனான். இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் சிம்மாசனத்தில் இருக்கிறான்! ஆவியாக வந்துவிட்டான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட கற்பனை! மறுநாள் கடையில் யோசிக்காமல் சொன்னேன், "நாலு சுண்டு. முழுக்கொத்து."

வழக்கம்போலத் தலையை ஆட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிப் பலகையில் உட்கார்ந்தேன்.

"புதுப்படம் எப்பிடியாம்?" என்றாள் அன்னலட்சுமி, சோற்றுப் பானையைத் திறந்துகொண்டு.

"அரைச் சுண்டு."

"கதையையாவது சொல்லுங்கோவன். பாக்கத்தான் குடுத்துவைக்கேல்லை."

இங்கேதான் சறுக்கினேன். நல்ல படத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்ல முடியாமல் இருப்பது பெரிய வதை. சொன்னேன். எல்லாம் ஆரோ சொல்லக் கேட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். மானுக்கு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மந்திரிக்கு வந்தபோது கதையில் மூழ்கிவிட்டேன்.

"செத்த மந்திரி ஆவியா வந்து சிம்மாசனத்திலை இருக்கிறான் அன்னம்! ஒருத்தருக்கும் தெரியேல்லை அது ஆவியெண்டு!"

"ஆவி கோழிக்கால் கடிக்குமே?"

"அது அரமனை ஆவி. நல்லாச் சாப்பிட்டுப் பழகினது."

கோழிக்காலைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது என் கண் தட்டில் இருந்தது. தட்டின் நடுவில் ஒரு கைப்பிடி சோறு.

"என்ன அன்னம் இது?"

"அரைச் சுண்டு."

"எனக்குக் காணாதே!"

"அரைச் சுண்டுப் படத்துக்குத் தொப்பி ஆட ஆட அழத் தெரிஞ்சவருக்கு அரைச் சுண்டுச் சோறு காணும்."



"நீர்... நீர் எங்கை கண்டனீர்?"

"தொப்பியைக் கழட்டச் சொல்லிக் கத்தினது ஆரெண்டு நினைச்சியள்? அது ஆவியும் இல்லை, கூவியும் இல்லை. படம் ஓட்டினவன் றீலை மாறிப் போட்டிட்டான். பொம்பிளையள் பக்கம் முழுக்க விளங்கிச் சிரிச்சது. முன்னுக்கு நீங்கள் ஒராள்தான் ஆவெண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

"அப்ப குச்சவெளி வண்டி? கருவாடு?"

"எல்லாம் அந்தக் கொட்டகையிலை காட்டின கருவாடுதான்."

முள், உப்பு, நனைந்த சீலைத் தலைப்பு, பழைய கருவாடு, புதுப் பேப்பர். ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தன. போன வருடத்துக் குண்டுகூட இவ்வளவு கிட்ட விழவில்லை. பெயரில் அன்னத்தை வைத்துக்கொண்டு அவள் அகப்பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"சரி," என்றேன், "ஒரு சுண்டெண்டு வையும்."

அரை அகப்பைச் சோறு விழுந்தது.

"ரெண்டு சுண்டு."

"வேலிக்கு அங்காலை கேக்கேல்லை."

"ரெண்டு சுண்டு!" என்று கத்தினேன். இன்னொரு அரை அகப்பை.

"மானுக்கு எத்தினை?" என்று வேலிக்கு அப்பாலிருந்து யோகம்மாவின் குரல் வந்தது.

பசி மானத்தை அறியாது. "மானோடை சேத்து நாலு சுண்டு! முழுக்கொத்து!" என்று ஊர் கேட்கச் சொன்னேன். தட்டு நிரம்பியது. அப்பாடா என்று முதல் கவளத்தை எடுத்தேன்.

"முழுக்கொத்துப் படமெண்டால் றீல் சரியாப் போட்டும் ஒருக்காப் பாக்கத்தானே வேணும்," என்றாள். "நாளைக்கு வெளிக்கிடுங்கோ. தொப்பியை வீட்டிலை வையுங்கோ."

வாயில் சோறு. மறுக்க வழியில்லை. அரைச் சுண்டு என்றால் பட்டினி. நாலு சுண்டு என்றால் கூட்டிப்போக வேண்டும். களஞ்சியத்தில் ஆயிரம் சாமானுக்குக் கணக்கு வைத்தவன் நான், வீட்டில் ஓர் அகப்பைக்குத் தோற்றேன்.

மறுநாள் போனோம். மந்திரி இடைவேளைக்குப் பிறகு ஒழுங்காகச் செத்தான். நான் தொப்பியில்லாமல் அழுதேன். இளவரசன் கடைசியில் தொலைந்த மானைத் தோளில் சுமந்துகொண்டு வந்ததைக் கண்டதும், வீட்டுக்குப் போனால் அன்னத்தின் வாயால் என்ன கேட்கப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. அவளையும் யோகம்மாவையும் முன்னால் அனுப்பிவிட்டு அலியார் காக்காவின் கடைக்குள் நுழைந்தேன். வீட்டில் போனால் போகட்டும். இங்கே என் சொல்தானே சட்டம். இரண்டாம் தரம் பார்த்தவன் வேறு. தீர்ப்புக்கு இன்னும் கனம் கூடும்.

கதிரையில் சாய்ந்தேன். தொண்டையைச் செருமினேன். கடை அமைதியானது.

"றீலைச் சரியாப் போட்டுப் பாத்தன். அப்பவும் நாலு சுண்டுதான்."

அலியார் காக்கா தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். மெல்லக் குனிந்தார்.

"அது கிடக்கட்டும் வாடன் ஐயா. கருவாடு எப்படியாம், அன்னமக்கா என்ன சொன்னவ?"