மேல்தளப் பீரங்கியும் தத்ரூபக் குழுவும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த மிக முக்கியமான கூட்டம், ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்தது. பொருள்: நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளப் பீரங்கி 'தத்ரூபமாக' இருக்கிறதா?

பீரங்கிக்கு நிரல் எழுதியவன் மடிக்கணினியோடு ஓரமாக நின்றான். அவனுடைய தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. அதைத் தீர்மானிக்கும் தத்ரூபக் குழு தலையசைத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. வீட்டிலோ மாமனார் வந்து உட்கார்ந்திருந்தார்.

குழுத் தலைவரை எல்லோரும் 'அட்மிரல்' என்பார்கள். படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதால், கடலைத் தூரத்திலிருந்தே கரைத்துக் குடித்த பேரறிஞர்.

"என்னப்பா இது, நாலு செகண்டுக்கு ஒரு குண்டு போகுது? கீழேருந்து ஏணியில தூக்கிட்டு வர வேண்டாமா?"

"எவ்ளோ நேரம் ஆகும் சார்?"

"அளந்துடுவோம்."

அலுவலகம் போர்க்கோலம் பூண்டது. குண்டுக்குக் குடிநீர்க் கேன். ஏணிக்கு மாடிப்படி. கணக்காளர் கேனோடு மூச்சிரைக்க ஏறினார். அலை அடிக்க வேண்டுமே! துப்புரவு அக்காவின் கையில் வாளி கொடுக்கப்பட்டது.

"ஊத்துங்கக்கா, தத்ரூபமா!"

"அப்புறம் துடைக்கிறதும் நான்தானே?" என்று முனகிக்கொண்டே அவர் ஊற்றினார். கணக்காளர் எட்டுப் படி சறுக்கி, "நான் வெறும் கணக்கு எழுதறவன்யா!" என்று அலறினார். அந்த அலறலும் பதிவு செய்யப்பட்டது.

முடிவு: குண்டு ஒன்றுக்கு ஆறு நிமிடம் பத்து நொடி. கணக்காளர் அழுத நேரமும் இதில் அடக்கம். விளையாட்டில் அது அப்படியே சேர்க்கப்பட்டது. பீரங்கிக் குழாயின் வாய்மூடியைக் கழற்ற இன்னொரு நிமிடம். பீரங்கியின் துருவுக்கு மட்டும் பதினேழு வகைப் பழுப்பு நிறம் பரிசீலிக்கப்பட்டது.

மதியம் சோதனை. மூன்றாவது குண்டு சரக்குக் கப்பலைத் துளைத்தது. கப்பல் சாய்ந்தது. அதிலிருந்து சின்னச்சின்ன மனிதர்கள் தண்ணீரில் குதித்தார்கள். ஒருவன் திரையைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

அட்மிரலின் முகம் சுருங்கியது. "யாருய்யா இவங்க?"

"கப்பல்ல இருந்தவங்க சார். நாப்பத்திரண்டு பேரு. தத்ரூபமா இருக்கட்டுமேன்னு..."

"பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. இப்படி இருந்தா எவன் சுடுவான்? எடுத்துடு."

"அப்போ கப்பலை யாரு சார் ஓட்டுறது?"

"அதை யாரு கேக்கப் போறா? உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். அவன் நாற்பத்திரண்டு பேரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'டெலீட்' பொத்தானைத் தொட்டான். கையை ஆட்டியவனும் போனான். கடல் பளிச்சென்று இருந்தது.

அட்மிரல் பணி நிரந்தர ஆணையில் கையெழுத்திட்டார்.

"எல்லாரும் போயாச்சா?"

"போயாச்சு சார்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு செகண்டு சார்."

"பாத்தியா," என்று அவன் தோளைப் பெருமையோடு தட்டினார் அட்மிரல். "உனக்குப் பீரங்கியே தேவையில்ல."