களைத்துப்போன நாற்காலி

மலாயாவில் முதன்முதலில் விடுதலை பெற்றது ஒரு மிதிவண்டி. நாட்டுக்கு விடுதலை கிடைப்பதற்கு முன்பே, மலாக்கா நகரின் காஜா பேராங்கில், எங்கள் வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் அது நிகழ்ந்தது. வழங்கியவர் களைப்புக் கிராணி. செவ்வாய்க்கிழமைதோறும் அவருடைய மிதிவண்டிக்கு முழுநாள் ஓய்வு. அதைச் சுவரில் சாய்த்து, சக்கரங்களில் காற்றைச் சற்றே இறக்கி, "நல்லா இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தே போவார். எதிர்வீட்டு மலாக்காச் செட்டிப் பெரியவர், தமிழ் மறந்த அவர்கள் வழக்கப்படி மலாயில், "பாசிக்கல் பெனாட் கா?" என்பார். மிதிவண்டிக்குக் களைப்பா என்று பொருள். "பெனாட், பெனாட்" என்று இவர் நெகிழ்ந்து தலையாட்டுவார். அது கேலி என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கிராணி. எழுத்தர் என்பதற்கு அந்நாளில் எங்களிடம் வழங்கிய சொல் அது. விடுதலை நெருங்கவும் ஊருக்குப் புறப்பட்ட வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர், கப்பலில் ஏற்ற மனமில்லாத ஒரு கட்டு அறிவியல் இதழ்களை இவர் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். அத்துடன் காஜா பேராங்கின் அமைதி போயிற்று. புதுவகை விமானங்கள் சில வானத்தில் சிதறியதும், அதன் காரணம் உலோகத்தின் களைப்பே என்று அறிஞர்கள் கண்டறிந்ததும் அந்த இதழ்களில் இருந்தன. சிறு சுமைதான், ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசலாகி, ஒருநாள் இற்றுவிடும். இதைப் படித்த இரவு கிராணி உறங்கவில்லை. விடிந்ததும் என் கதவைத் தட்டினார்.

"வாத்தியாரே, இரும்புக்கும் களைக்குமாம். இதுக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?"

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவன்போல், "உலோக அயர்வு" என்றேன்.

"அயர்வுன்னா கோப்பிக்கடையில யாருக்குப் புரியும்? களைப்புன்னே இருக்கட்டும்."

அன்று அவர் என் சொல்லை ஏற்றிருந்தால் பின்னர் நேர்ந்த பேரிடர் நேர்ந்திருக்காது. இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, இலக்கணத்துக்காகச் சொல்கிறேன்.

அன்றுமுதல் அவருடைய சட்டைப்பையில் ஒரு தேக்கரண்டி குடியேறியது. எதைக் கண்டாலும் அதனால் மெல்லத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். ஒலி தெளிவாக இருந்தால் உடல்நலம். மங்கினால் களைப்பு. கோப்பிக்கடையில் கெண்டியைத் தட்டினார்.

"அண்ணே, கெண்டி என்ன சொல்லுது?" என்றான் கடைக்காரன்.

"சூடாகுது, ஆறுது, சூடாகுது, ஆறுது. எத்தனை வருஷம்? களைக்காதா?"

"நானும் அப்படித்தாண்ணே இருக்கேன்."

"உன்னைத் தட்டினா சத்தம் வராதே தம்பி" என்றார், உண்மையான வருத்தத்துடன்.

தம் அலுவலகத்தின் பொறுப்பிலிருந்த ஓர் இரும்புப் பாலத்தையும் விட்டுவைக்கவில்லை. அது களைத்திருக்கிறது, வாரம் ஒருநாள் வண்டிகளை வேறு வழியில் அனுப்பவேண்டும் என்று மேலதிகாரியிடம் முறையிட்டார். அதிகாரி எங்கள் ஆள்தான், நகைச்சுவை தெரிந்தவர்.

"பாலத்துக்குக் களைச்சா உட்காரச் சொல்லுங்க கிராணி."

"அது உட்கார்ந்துடுமோன்னுதான் சார் பயமா இருக்கு."

அதிகாரி அதற்குமேல் சிரிக்கவில்லை. ஆள் அனுப்பிப் பாலத்தைச் சோதித்தார். பாலம் கல்லுப்பிள்ளையார்போல் இருந்தது.

இதழ்கள் வேறு புதுமைகளையும் கற்பித்தன. கம்பிகளை முன்கூட்டியே இழுத்துக் கட்டிவிட்டால் கான்கிரீட் பெருஞ்சுமையும் தாங்கும் என்று படித்தவர், விருந்துக்குப் போகுமுன் இடைவாரை இரண்டு துளை இறுக்கிக்கொள்ளத் தொடங்கினார். சுமை வருமுன்னே இறுக்கம் வேண்டுமாம். எந்த விருந்திலும் ரசத்தைத் தாண்ட அவரால் முடிந்ததில்லை. மேல்நாட்டில் மின்மூளை ஒன்று செய்திருக்கிறார்கள், மனிதனைப்போல் யோசிக்கவும் அதற்குக் கற்பிக்கப் போகிறார்கள் என்ற செய்தி மட்டும் அவரை மகிழ்விக்கவில்லை.

"ராப்பகலா கணக்குப் போடுதாம் வாத்தியாரே. ஞாயித்துக்கிழமை லீவு உண்டான்னு எழுதல."

"இயந்திரத்துக்கு எதற்கு ஐயா விடுமுறை?"

"யோசிக்கிற வேலையை அதுங்கிட்ட தள்ளிட்டு, ஓய்வை மட்டும் நாம வச்சுக்கிட்டா நியாயமா?"

இத்தகைய மனிதருக்குப் பெண் கொடுப்பார் யார்? நாற்பதை நெருங்கியும் தனிக்கட்டை. பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் கரண்டி முந்திக்கொண்டது. ஒரு வீட்டில் குத்துவிளக்கைத் தட்டினார்; இன்னொரு வீட்டில் பெண்ணின் பாட்டனாருடைய ஊன்றுகோல் பூணைத் தட்டினார். கடைசியாக வந்தது டிரசர் வீட்டுச் சம்பந்தம். டிரசர் என்றால் மருத்துவமனையில் கட்டுப்போட்டு மருந்து கொடுப்பவர். ஓய்வுபெற்ற பின்னும் எங்கள் தெருவையே நோயாளியாகப் பார்ப்பவர். அவர் மகள் பாக்கியம் முப்பதைக் கடந்தவள். தாய் இறந்த நாள்தொட்டு தையல் இயந்திரம் மிதித்து அந்த வீட்டைத் தாங்கியவள். "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே பொண்ணு பார்க்க வர மாட்டேன் வாத்தியாரே" என்று கிராணி என்னிடம் சொன்னபோது அவர் குரலே மங்கி ஒலித்தது. துணைக்கு நான் போனேன்.

டிரசர் தம் வீட்டின் மிகச் சிறந்த இருக்கையை மாப்பிள்ளைக்கு இட்டார். பழைய இரும்பு நாற்காலி. அன்றைக்கென்றே வெள்ளிநிறச் சாயம் பூசியிருந்தார்கள். கிராணி உட்காரவில்லை. நான் கண்ணால் கெஞ்சியும் பயனில்லை. கரண்டி வெளியே வந்தது. குனிந்து நாற்காலியின் காலைத் தட்டி, காதை வைத்தார். முகம் மட்டும் உள்ளறை வாயிலை நோக்கித் திரும்பியிருந்தது. அந்தக் கணத்தில்தான், முகத்தில் பவுடர் பூசிய பாக்கியம் கோப்பித் தட்டுடன் வாயிலில் வந்து நின்றாள்.

"ஐயோ பாவம்" என்றார் கிராணி. "ரொம்ப வருஷமா உழைச்சிருக்கு. உள்ளுக்குள்ள களைச்சுப்போச்சு. மேல பளபளன்னு பூசி நிறுத்தியிருக்காங்க."

டிரசர் எழுந்தார். "என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் ஐயா சொன்னேன். இனிமே இதுமேல பாரம் ஏத்தாதீங்க. ஒரு மூலையில வச்சிருங்க."

"எம் மவளை மூலையில வைக்கச் சொல்ல நீ யாருய்யா?"

கோப்பி குடிக்கப்படவில்லை. நாங்கள் தெருவுக்கு வந்த பின்னும் கிராணிக்கு எதுவும் விளங்கவில்லை. "நாற்காலியைச் சொன்னா இவருக்கு ஏன் கோவம் வருது?" என்று கேட்டார். நான் விளக்கியதும் மிதிவண்டிபோலச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

மறுநாள் நான் டிரசரிடம் தூது போனேன். உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் இலக்கண வழியிலேயே தொடங்கினேன்.

"ஐயா, உழைச்சிருக்கு, களைச்சுப்போச்சு என்பவை அஃறிணை வினைமுற்றுகள். உங்கள் மகள் உயர்திணை. ஆகவே அவர் சுட்டியது நாற்காலியையே."

"வாத்தியாரே, பொண்ணு வந்திருக்கு, பொண்ணு சாப்பிட்டுச்சுன்னுதான் நாம பேசுறோம். அப்ப பொண்ணெல்லாம் அஃறிணையா?"

"அது உவப்பினால் வரும் திணை வழுவமைதி. அன்பு மிகுந்தால் அப்படிச் சொல்லலாம்."

"அப்ப அவன் அன்பு மிகுந்து சொன்னானா?"

இரண்டாயிரம் ஆண்டு இலக்கணம் அந்த வீட்டுக் கூடத்தில் திகைத்து நின்றது. தையல் இயந்திரம் ஓய்ந்தது. பாக்கியம் வாயிலில் வந்து நின்றாள்.

"வாத்தியார் சார், நாற்காலியத்தான் சொன்னாரா?"

"ஆமாம் அம்மா. உன்னை அவர் பார்க்கவே இல்லை."

"அது தெரியும்" என்றாள். பிறகு தந்தையிடம் திரும்பினாள். "அம்மா போனதுலேருந்து நான்தாம்பா மெஷின் மிதிக்கிறேன். களைச்சியான்னு இந்த வீட்டுல யாரும் கேட்டதில்ல. ஒரு நாற்காலிக்கு அவ்வளவு பாவம் பாக்குற மனுஷன், பொண்டாட்டியைப் பாக்க மாட்டாரா?"

"பாக்க மாட்டான். தட்டுவான்" என்றார் டிரசர்.

"கரண்டியாலதானேப்பா."

ஊரெல்லாம் விடுதலைக் கொடிகள் பறந்துகொண்டிருந்த நாள்களில் அந்தத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை இடைவாரை இறுக்கிக்கொண்டு ரசத்தோடு எழுந்தார். டிரசர் சீர்வரிசையோடு அந்த நாற்காலியையும் அனுப்பினார். அனுப்பும் நாள்வரை அவர் வீம்புக்கென்றே காலையும் மாலையும் அதில் உட்கார்ந்து பார்த்தார் என்பதையும், அது கிறீச்சென்றுகூட முனகவில்லை என்பதையும் உண்மையின்பொருட்டுச் சொல்லவேண்டும். அதுமட்டுமன்று. இரும்பின் களைப்பு ஓய்வினால் தீராது என்று அதே இதழில் அடுத்த பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. கிராணி அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. அல்லது படித்துவிட்டு உடன்படவில்லை.

மணமான மறுவாரம் தையல் இயந்திரத்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை ஆயிற்று. அன்று சமையல் கிராணியுடையது. அவர் வைத்த ரசத்தைப்பற்றி எழுத எனக்கு இன்னும் மொழி கைவரவில்லை. ஆனால் செவ்வாய் மாலைகளில் பாக்கியம் வாசற்படியில் சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்த்திருப்பதை நாங்கள் எல்லோரும் கண்டோம். முன்பு நாங்கள் அவளைச் சும்மா இருக்கக் கண்டதே இல்லை. நாற்காலியோ கூடத்து மூலையில் நின்றது. அதில் யாரும் உட்காரக்கூடாது. வந்தவர் அமைச்சரானாலும் பாய்தான்.

பல ஆண்டுகள் கழிந்தன. பள்ளியிலிருந்து நான் ஓய்வுபெற்ற நாள். மாலைகளும் பாராட்டுரைகளும் சுமந்து மாலையில் வீடு திரும்பினேன். கடைசி வீட்டு வாசலில் கிராணி நின்றிருந்தார். கரண்டியை எடுத்து என் குடைக்காம்பைத் தட்டினார்; கேட்டார்; பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பாக்கியம், அந்த நாற்காலியைக் கொண்டா."

"அதுல யாரும் உட்காரக் கூடாதுன்னீங்களே?"

"இத்தனை வருஷம் எதுக்காக அதை ஓய்வுல வச்சிருந்தேன்?" என்றவர், தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். "உட்காருங்க வாத்தியாரே. களைச்சிருப்பீங்க."

நான் உட்கார்ந்தேன். நாற்காலி தாங்கிற்று. எனக்கு எவ்வளவு களைத்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.